நத்தைக்குப் பொங்கிய வீடு

மழைக்காலம் பிறந்துவிட்டால் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு நத்தை வரும். பாகூர்ப் பக்கத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் பொறுக்கியதை அன்னக்கூடையில் கொட்டி, ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூலத்துக்கு நல்லது என்று வாங்கிப்போகிறவர்களே அதிகம். எங்கள் மீன்தொட்டி நத்தைகளும் அந்தக் கூடையிலிருந்து வந்தவைதான். குழம்புக்குப் போகவேண்டியதில் நாலைந்தை வளர்ப்பதற்கென்று நானும் அக்காவும் கேட்டபோது கூடைக்காரம்மா காசு வாங்கவில்லை. "வளக்கறதுக்கா? வளத்துட்டு?" என்று கேட்டதோடு சரி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் போட்ட தாவரவியல் பூங்காவுக்குள் ஒரு மீன் காட்சியகம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தொட்டி வாங்கித் தரச்சொல்லி அழுகை நடக்கும். எங்கள் வீட்டிலும் நடந்தது. தொட்டி வந்தது, கப்பி மீன் வந்தது, வேலம்பாசி வந்தது. நத்தைகள் வந்த பிறகு வேலம்பாசி போயிற்று. இரவு போட்ட கொத்தில் விடிந்தால் காம்புதான் மிச்சம். அப்படியொரு பசி.

மீன்களைவிட எனக்கு நத்தைகளைத்தான் பிடித்தது. வயல் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கண்ணாடியில் ஒட்டியபடி மேலே ஏறி வந்து, உடம்பிலிருந்து ஒரு குழாயை நீட்டி நீர்மட்டத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளும். பிறகு உள்ளே காற்றை இழுக்க உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டும். அக்கா விரலால் தட்டினால் குழாய் சுருங்கும், கால் உள்ளே போகும், வாசலில் மூடி வந்து அடைத்துக்கொள்ளும், அப்படியே சொத்தென்று அடியில் விழும். மனிதர்கள் முகத்தில் அப்படிக் கதவைச் சாத்த எனக்கும் ஆசையாக இருந்தது.

பசிக்கு என்ன போடுவது? கீரைத் தண்டு, பீர்க்கங்காய்த் தோல், வெள்ளரி எல்லாம் போட்டோம். கொஞ்ச நாளில் ஒரு நத்தையின் ஓட்டு உச்சியில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது. பக்கத்து வீட்டுச் சொல்தா மாமாதான் காரணம் சொன்னார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவார். மற்ற நாட்களில் பெத்தாங்க் குண்டு உருட்டுவார். "ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும்டா. முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போடு" என்றார். உடனே ஆயா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். மாமா பதறிப்போய்த் தடுத்தார். வெற்றிலைச் சுண்ணாம்பு தண்ணீரைக் காரமாக்கிவிடும். உள்ளே இருப்பவை வெந்துபோகும். முட்டை ஓடும் நத்தை ஓடும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். அது அவசரப்படாமல் மெல்லக் கரையும்.

ஆனால் பொடியைத் தனியாகத் தூவினால் மணலோடு போய்விடும். கீரையை மசித்துப் போட்டால் தொட்டி கலங்கிவிடும். வழி பிறந்தது காஜியார் வீதியில், அக்காவுடைய சிநேகிதி வீட்டில். நோன்பு மாதத்தில் அவர்கள் கடல்பாசி காய்ச்சுவார்கள். பாலும் ரோஸ் எசன்ஸும் ஊற்றித் தட்டில் உறையவிட்டு, வில்லை வில்லையாக வெட்டித் தருவார்கள். ராமேசுவரம், மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து எடுப்பது அது. ஒருமுறை உறைந்துவிட்டால், ஏறக்குறைய 85 டிகிரி சூடு வந்தால்தான் மறுபடி இளகும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் அதை ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுப்படியில் நத்தைச் சமையல் நடந்தது. முட்டை ஓட்டை அலசி, உள்தோலை உரித்து, வெயிலில் காயவைத்து, இரும்பு உரலில் மாவாக இடிப்பது என் வேலை. அக்கா முருங்கைக்கீரையையும் கேரட்டையும் வேகவைத்து அம்மியில் அரைப்பாள். உப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது, எண்ணெய் படவே கூடாது. கொதித்த கடல்பாசியை இறக்கி, எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறி, எவர்சில்வர் தட்டில் ஊற்றினால் ஆறுவதற்குள் இறுகிவிடும். சிறு சதுரங்களாக வெட்டினால் பச்சையும் ஆரஞ்சுமாக, இனிப்புக் கடையில் வைத்தாலும் விற்றுவிடும். "மனுசனுக்கு ஒரு முட்டைக்கு வழியக் காணோம், நத்தைக்குப் பாயசம் காய்ச்சுதுங்க" என்று ஆயா திட்டுவாள். திட்டிக்கொண்டே தட்டை விசிறுவாள்.

ஒரு துண்டைக் கண்ணாடி ஓரமாகப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் கொம்புகள் முதலில் திரும்பும். துண்டின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, அரம் போன்ற நாக்கால் சுரண்டும். பாதி தின்றபின் எடுத்துப் பார்த்தால் பரப்பு முழுக்கச் சன்னமான கோடுகள். மறுநாள் காலை மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். விட்டால் அழுகித் தண்ணீர் நாறும். ஓட்டின் பழைய பொரிவு மாறவில்லை. வாசல் விளிம்பில் வளர்ந்த புது ஓடு மட்டும் வழுவழுப்பாக, ஆலிவ் பச்சையில் வந்தது.

சொல்தா மாமாவுக்கு எங்கள் சமையலில் ஒரே குறைதான். பிரான்சில் நத்தையைச் சமைப்பதற்கு முன்னால் சில நாள் பட்டினி போடுவார்கள், வயிறு சுத்தமாகட்டும் என்று. பிறகு வெண்ணெய், பூண்டு, பார்ஸ்லி. "நீங்க கொழுக்க வைக்கறீங்க, பேஷ். எப்போ எஸ்கார்கோ?" என்று தொட்டியைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவர் தின்றது தரையில் ஊரும் பர்கண்டி நத்தை, எங்களுடையது தண்ணீர் நத்தை என்று அக்கா சண்டைக்குப் போவாள். இரண்டு பக்கமும் நத்தை தின்கிற ஊரில் நத்தைக்குச் சமைத்துப்போட்டவர்கள் நாங்கள்தான் என்பதில் எனக்கு ரகசியப் பெருமை.

அதே மாமா இன்னொன்றும் சொன்னார்: ஆயாவின் செப்புக் குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது, நத்தைக்குச் செம்பு விஷம். குழாய்த் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, குளோரின் போக ஓர் இரவு வைத்து ஊற்றினோம். இன்று நத்தைக்கென்றே மாத்திரைத் தீனி கடையில் கிடைக்கிறது. கடல்பாசித் துண்டு அதைவிட ஒன்றும் குறைந்ததில்லை என்பேன். வளர்ப்பவர்கள் பயப்படவேண்டியது தீனிக்கல்ல, மீன் மருந்துக்கு. வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகள் சிலவற்றில் காப்பர் சல்பேட் இருக்கும். நத்தை உள்ள தொட்டியில் ஊற்றுமுன் பாட்டிலைத் திருப்பி ஒருமுறை படித்துவிடுங்கள்.