குறி தப்பும் கண்

ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்பதை அறிவதற்கு இயற்கை நமக்கு இரண்டு கண்களை அளித்திருக்கின்றது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்பவருக்கு மற்றக் கண்ணின் அருமை உடனே விளங்கும். இரு கண்களும் ஒரே பொருளைச் சிறிது வேறுபட்ட கோணங்களிலிருந்து காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே மூளை தூரத்தை மதிக்கின்றது.

தூரமானிக் கமரா என்னும் கருவி இந்த நியாயத்தின்மீதே அமைந்தது. அதன் முகப்பில் இரண்டு சிறு சாளரங்கள் உண்டு. அவற்றின் வழியே வரும் இரு விம்பங்களும் ஒன்றாகப் பொருந்தும்போது பொருளின் தூரம் பெறப்படும். சாளரங்களுக்கு இடையிலுள்ள அகலம் கூடுமளவுக்கு அளவை நுட்பமாகும். 1954 ஆம் ஆண்டில் வெளிவந்த லைக்கா எம்3 கருவியில் அவ்வகலம் 68.5 மில்லிமீற்றர்.

லைக்காவிலே விம்பங்களைப் பொருத்துவன மனிதனுடைய கண்ணும் விரலுமேயாம். 1977 இல் கொனிக்கா நிறுவனம் வெளியிட்ட சி35 ஏஎஃப் என்னும் சிறு கமரா அவ்வேலையை மின்னணுவிடம் ஒப்படைத்தது. பின்னர், வில்லைகளை மாற்றிப் பூட்டத்தக்க உயர்தரக் கருவியாகிய கொன்ராக்ஸ் ஜி1 என்பதை 1994 இலும், அகச்சிவப்புக் கதிரையும் துணைக்கொள்ளும் ஜி2 என்பதை 1996 இலும் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் வெளியிட்டது. அந்நிறுவனம் 2005 இல் கமராத் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. ஆகவே இன்று இக்கருவி பிழை செய்தால், செய்தவரிடம் அனுப்பித் திருத்திக்கொள்ள வழியில்லை. நோயை முதலில் நாமே நாடவேண்டியுள்ளது.

இலண்டனில் வாழும் எமது தம்பி அத்தகைய ஜி2 கருவி ஒன்றையும், 90 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையும் எமக்கு அனுப்பியிருந்தார். அது வந்ததன் நோக்கம் ஒன்றே. எமது பெரியம்மாவுக்கு வயது எண்பத்தெட்டு. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அவரும் கையில் ஒரு பையுடன் நடந்தார். திரும்பி வந்து பார்த்தபோது கலியாணப் படங்கள் இருந்த அலுமாரியே வீட்டில் இல்லை. கனடாவிலுள்ள அவருடைய பிள்ளைகளிடம் தாயாரின் தனிப்படமாக எஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படம் ஒன்றுதான். நல்ல படம் ஒன்று வேண்டுமென்று அவர்கள் பலமுறை கேட்டனர். எண்பத்தெட்டு வயதில் அவ்விருப்பத்தை நாளைக்கென்று ஒத்திவைத்தல் தகாது.

புகைப்படத்தில் ஆர்வமுள்ள எமது மாணவர் ஒருவர், பெரியம்மாவை விறாந்தையிலே கதிரையில் இருத்திப் படமெடுத்தார். பின்னால் பழைய மரக்கம்பிச் சாளரம் இருந்தது. சுருளைக் கழுவி உலர்த்திப் பூதக்கண்ணாடியால் நோக்கினோம். ஆறு படங்களுள் இரண்டிலே முகம் தெளிவாக இருந்தது. ஆனால் அவ்விரண்டிலும் பெரியம்மா கண்ணை மூடியிருந்தார். மற்றை நான்கிலும் சாளரக் கம்பிகள் வெகு துலக்கம். பெரியம்மாவின் கண்களோ பனிப்புகாரில் மறைந்தன போல் மங்கியிருந்தன.

கமரா பழுது என்றார் ஒருவர். வில்லை பழுது என்றார் இன்னொருவர். சோதியாது தீர்ப்புக் கூறுதல் கல்வி கற்பிப்போர்க்கு அழகன்று. பௌதிக ஆய்வுகூடத்திலே மாணவர்கள் இருவகை வழுக்களைக் கற்கின்றனர். ஒரே திசையில் ஒரே அளவாக நிகழ்வது முறையான வழு. அங்குமிங்குமாக நிகழ்வது எழுமாற்று வழு. எப்போதும் இலக்குக்குப் பின்னாலேயே குவியம் விழுமானால் கருவியின் அளவை பிசகியதென்று கொள்ளலாம். ஒரு வில்லையில் மாத்திரம் விழுந்தால் ஐயம் அவ்வில்லைக்குரியது. சிலவேளை பொருந்தியும் சிலவேளை தப்பியும் போனாலோ, கருவியைக் குறைகூறுமுன் இலக்கையும் சூழலையும் ஆராய்தல் வேண்டும்.

மேசையில் ஓர் அட்டையை நிமிர்த்தி, அதில் கறுத்த நிலைக்குத்துக் கோடு ஒன்றை வரைந்தோம். அதன் பக்கத்தில் 30 சென்றிமீற்றர் அடிமட்டம் ஒன்றைச் சரிவாக வைத்து, அதன் 15 ஆம் கோடு அட்டையின் தளத்தில் நிற்கச் செய்தோம். கமராவை முக்காலியில் ஒன்றரை மீற்றர் தூரத்தில் நிறுத்திப் புதிய பற்றரிகளை இட்டோம். பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த 1990 களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எமது தலைமுறைக்கு இது கையிலிருப்பதே ஒரு செல்வம். துவாரத்தை முழுதும் திறந்து, ஒவ்வொரு முறையும் குவியத்தைத் தொலைவுக்கு அனுப்பி மீட்டு, ஆறு படங்கள் எடுத்தோம். ஆறிலும் 15 ஆம் கோடே மிகத் தெளிவாக இருந்தது. கருவியும் வில்லையும் குற்றமற்றவை என்பது தெளிந்தது.

பின்னர் இலக்குகளை மாற்றினோம். வெள்ளை வேட்டியை விரித்து வைத்தபோது கமரா தடுமாறியது. வேறுபாடில்லாத வெண்மையிலே இரு விம்பங்களையும் ஒப்பிட அதற்கு ஒரு பற்றுக்கோடு இல்லை. கிடைக்கோடுகள் மாத்திரம் உள்ள ஓட்டுக் கூரையின் விளிம்பைக் காட்டியபோதும் அவ்வாறே. சாளரங்கள் பக்கம்பக்கமாக இருப்பதால் நிலைக்குத்துக் கோடுகளே அதற்குத் துணை. கமராவை நெடுக்காகத் திருப்பியவுடன் அது கூரையைப் பற்றிக்கொண்டது. கோயில் மதிலின் செங்காவி வெள்ளைப் பட்டைகளைக் காட்டினால் வேறொரு மயக்கம். ஒன்றுபோல் ஒன்றாகத் தொடரும் பட்டைகளுள் எதனோடு எதைப் பொருத்துவதென்று அது அறியமாட்டாது.

பெரியம்மாவின் படத்தில் நிகழ்ந்தது இப்போது விளங்கியது. குறிக்கட்டத்தில் பாதி அவருடைய மென்மையான வெண்ணிற முடியும், பாதி கறுத்த சாளரக் கம்பியும் இருந்தன. வேறுபாடு மிக்க கம்பியையே கமரா தெரிந்தெடுத்தது. தாயின் முகம் இது, மரத்தின் கம்பி இது என்னும் விவேகம் அதற்கு இல்லை. மேலும், 90 மில்லிமீற்றர் வில்லையை 2.8 துவாரத்தில் ஒன்றரை மீற்றரில் வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ நாலரைச் சென்றிமீற்றரே. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரம் அதனினும் பெரிது. துவாரத்தை 8 ஆகச் சுருக்கினால் அவ்வாழம் 12 சென்றிமீற்றரைத் தாண்டும்.

பரிகாரம் எளிதாயிற்று. கடற்காற்றின் உப்பும் செம்மண் தூசியும் படிந்திருந்த இரு சாளரங்களையும் மெல்லிய துணியால் துடைத்தோம். கதிரையைச் சாளரத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வெளிச்சத்தை முகத்தில் விழச் செய்தோம். மாணவர், பெரியம்மாவின் கண்ணாடிச் சட்டத்தின் நிலைக்குத்தான ஓரத்தைக் குறிக்கட்டத்தின் நடுவில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தைப் பிடித்து, பின்னர் சட்டகத்தை ஒழுங்காக்கி எடுத்தார். படம் வந்ததும் பெரியம்மா அதைக் கைநீட்டித் தூரப்பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுதான் நான். மற்றதெல்லாம் ஆரோ மனுசி,” என்றார். ரொறன்ரோவுக்குப் பிரதி போய்ச் சேர்ந்த அன்றிரவு அவருடைய மகள் தொலைபேசியில் நெடுநேரம் பேசவில்லை, அழுதார்.

குடாநாட்டின் பல வீடுகளில் படத்துக்கென்று ஆணி அடித்த சுவர்கள் உண்டு, படங்கள் இல்லை. நாற்சார் வீடுகளும் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. கையில் எந்தக் கருவி இருந்தாலும், இருப்போரையும் இருப்பனவற்றையும் இன்றே பதிவுசெய்தல் மாணவர்களுக்குத் தக்க பணியாகும். எடுத்த படத்தை அன்றைக்கே உருப்பெருக்கிக் கண்களைப் பார்த்துவிடுங்கள். குறி தப்பியிருந்தால் மறுநாளே திரும்பவும் போங்கள். தூரத்தை அளக்கும் வேலையை இயந்திரத்திடம் விடலாம். எதை நோக்கி அளப்பது என்னும் தேர்வு என்றும் மனிதருக்கே உரியது.