செங்கல்லும் கடுக்காயும்

திருச்சி தெப்பக்குளம் பக்கம், என்.எஸ்.பி. ரோட்டில் புடவைப் பையுடன் வரும் யாரையாவது நிறுத்தி ‘கிளைவ் வீடு எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஹாஸ்டலா?’ என்பார்கள். 1751-52 முற்றுகையின்போது ராபர்ட் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு பிற்பாடு செயின்ட் ஜோசப் கல்லூரியின் மாணவர் விடுதியோடு சேர்ந்துவிட்டது. (எதிர்த்த பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் புகுந்து, 1752 ஜூனில் சரணடைந்தது. ரங்கநாதர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.)

இங்கிலாந்தில் 1714 முதல் 1830 வரை வரிசையாக நாலு ஜார்ஜ்கள் ஆண்டார்கள். அவர்கள் பெயரால் வந்தது ஜார்ஜியன் பாணி. சிவப்புச் செங்கல், நட்டநடுவே வாசல், இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி ஜன்னல்கள். ஜன்னலுக்கு ஏற்கெனவே வரி உண்டு. 1784ல் செங்கல்லுக்கும் போட்டார்கள். எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கிவிட்டார்கள். நம்மூர் ஆசாமிகள் மாதிரியேதான்.

அந்தப் பாணி இங்கே வந்ததும் நம் வெயில் அதைத் திருத்தியது. முன்னால் வராந்தா முளைத்தது. செங்கல் தெரியாமல் சுண்ணாம்பு பூசி, பளிங்காகத் தேய்த்தார்கள். கூரை முழுக்க நம் கொத்தனார் கைவேலை. தேக்குக் கட்டைகள் மேல் சன்னமான செங்கற்களைக் குறுக்காக, செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்-வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். இதுதான் மெட்ராஸ் டெரஸ். சித்திரையில் அதன் கீழே படுத்தவர்களுக்கு அருமை தெரியும்.

துரை பங்களாவில் இருந்த அதே கூரைதான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் உத்தர வீதி வீட்டிலும். நம் வீடுகளுக்கு அழகு முகப்பில் இல்லை, நீளத்தில். வாசலில் நின்றால் ரேழி, முற்றம், கூடம் தாண்டிக் கொல்லைக் கிணறு வரை ஒரே நேர்கோடாகத் தெரியும்.

அந்த வீட்டைத்தான் இப்போது விலை பேசுகிறார்கள். மூன்று பங்குதாரர்களில் என் கையெழுத்து மட்டும் பாக்கி. அளவெடுக்க வந்த மேஸ்திரி கூரையைத் தட்டிப் பார்த்து, ‘இது ஒழுகவே இல்லையே சார், எதுக்கு இடிக்கறீங்க?’ என்றார். ப்ரமோட்டர் அவரை முறைத்தார்.

பெரியப்பா பிள்ளை தினம் போன் பண்ணுகிறான். ‘முற்றம் இருக்கிற இடத்துல கார் பார்க்கிங் தரானாம்டா!’

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.