மொட்டைக் கணக்கும் வாளிக் கணக்கும்

கொளத்தூரில் வண்ண மீன் கடைகளின் வரிசையைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால் மீன் வாடை போய், சிலிக்கான் பசையின் புளித்த நெடி மூக்கைத் துளைக்கிறது. கண்ணாடித் தொட்டி ஒட்டும் பட்டறை அது. நான் போன காலையில் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் ஒரு தொட்டி இரும்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கொள்ளளவு ஆயிரம் லிட்டரைத் தாண்டும். அண்ணா நகரில் ஒரு வீட்டு வரவேற்பறைக்குப் போகவேண்டிய கடல்நீர்த் தொட்டி. தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்தாயிற்று. மோட்டார் மட்டும் முடிவாகவில்லை.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கூட இரண்டு பையன்கள். "பெட்டியில 10,000 லிட்டர்னு போட்டிருப்பான் சார். அது மொட்டைக் கணக்கு" என்றார். தண்ணீரைத் துளிகூட மேலே தூக்காமல், குழாயே மாட்டாமல் ஓடவிட்டால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் அளவு அது. இங்கேயோ மோட்டார் ஸ்டாண்டுக்கு அடியில், தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த்தொட்டியான சம்பில் கிடக்கிறது. தொட்டியின் விளிம்பு ஐந்தடி உயரத்தில். நடுவில் இரண்டு எல்போ, ஒரு பால் வால்வு. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவர்களிடம் மீட்டர் எதுவும் இல்லை. தொட்டி விளிம்பில் பலகை போட்டு 20 லிட்டர் வாளியை வைத்தார்கள். ஒரு பையன் குழாயின் வாயை வாளிக்குள் திருப்ப, இன்னொருவன் கைபேசியில் நொடி பார்த்தான். 12 நொடியில் வாளி நிறைந்தது. அப்படியானால் மணிக்கு 6,000 லிட்டர். பாக்கி நாலாயிரத்தை ஏற்றமும் குழாயும் விழுங்கிவிட்டன.

அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. ரிட்டர்ன் மோட்டாரின் வேலை, சம்பில் சுத்தமாகும் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது மட்டும்தான். தொட்டி நீர் மணிக்கு ஐந்தாறு முறை கீழே போய் வந்தால் போதும். பேச்சு நீண்டது மின்கட்டணத்தைப் பற்றித்தான். 85 வாட் ஏசி மோட்டார் ஒன்று, ஏறக்குறைய அதே அளவு தண்ணீரை 40 வாட்டில் தூக்கும் டிசி மோட்டார் ஒன்று. இரவும் பகலும் நிற்காமல் ஓடவேண்டிய பொருள் இது. இரண்டு மாதத்தில் முதலாவது 122 யூனிட் தின்னும், இரண்டாவது 58. தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டையும் ஒரே மோட்டார் குடித்துவிட்டு மேலே கேட்கும். டிசி விலை கூடுதல்தான். ஆனால் மின்வெட்டில் பேட்டரியில் ஓடும், சத்தமும் குறைவு. வரவேற்பறைத் தொட்டிக்கு அந்தச் சத்தம் பெரிய விஷயம்.

ஏர்கூலர் மோட்டாரைப் போட்டால் என்ன என்று கேட்கும் வாடிக்கையாளர்களும் உண்டாம். கடல்நீரில் இரும்பு அச்சு துருப்பிடிக்கும். செம்பு கரைந்தால் இறால், நத்தை வகைகள் செத்துப்போகும். கடல்தொட்டி மோட்டாருக்குள் இருப்பது பீங்கான் அச்சும், பிசினில் பொதிந்த காந்தமும். சுண்ணாம்பு படிந்தால் வினிகரில் ஊறப்போட்டுக் கழுவலாம். எளிதாகக் கழற்ற முடியாத மோட்டாரைப் பட்டறைக்காரர் தொடுவதே இல்லை.

தொட்டிக்குள்ளே நீரோட்டம் உண்டாக்குவது வேவ்மேக்கர். கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சிறு விசிறி. உயரம் தூக்கும் வேலை இல்லாததால் குறைந்த மின்சாரத்தில் நிறையத் தண்ணீரைத் தள்ளும். எத்தனை லிட்டர் வேண்டும் என்பதைக் குடியிருக்கப் போகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். நகர முடியாத கல் பவளங்களுக்கு உணவும் ஆக்சிஜனும் ஓட்டத்தில்தான் வந்து சேரவேண்டும். வெளிநாடுகளில் அவற்றுக்கு மணிக்குக் கொள்ளளவைப் போல முப்பது, நாற்பது மடங்கு ஓட்டம் வைப்பார்கள். இந்தியாவில் 2001 முதல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். இந்தத் தொட்டியில் வரப்போவது கோமாளி மீனும் அதன் உறவுக்காரர்களும்தான். பத்து, பதினைந்து மடங்கு தாராளம்.

ஓட்டத்தை நம்பி வாழ்பவை பவளங்கள் மட்டுமல்ல. அமெரிக்காவின் மான்டரே பே மீன் காட்சியகத்தில் 28 அடி உயரக் கடற்பாசிக் காடு ஒன்று இருக்கிறது. 1984இல் திறக்கப்பட்டது. கெல்ப் பாசிக்குச் சத்தை உறிஞ்சும் வேர் கிடையாது. இலை போன்ற மடல்களை உரசி நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் சாப்பாடு. அதற்காக அலை எழுப்பும் இயந்திரத்தை வடிவமைத்தவர் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் பேக்கார்ட். அங்கே அலை உருவாக்க ஒரு கோடீஸ்வரப் பொறியாளர். இங்கே ஓட்டத்தைச் சோதிக்க ஒரு பிடி தீவனத் தூள்.

ஆம், தூள்தான். பாறைக்குப் பதிலாகச் செங்கற்களை அடுக்கி, வேவ்மேக்கரை ஓடவிட்டு, மூத்த பையன் தூளைத் தூவினான். இரண்டு விசிறிகள் எதிரெதிரே நின்றபோது ஓட்டங்கள் நடுவில் முட்டி, செங்கல்லுக்குப் பின்னால் தூள் குவிந்தது. நாளை மீன் கழிவு தேங்கி அழுகப்போகும் இடம் அதுதான். இரண்டாவது விசிறியை நீளப் பக்கத்தின் கீழ்மூலைக்கு மாற்றினார்கள். தூள் மேலே ஒரு திசையில் போய், கண்ணாடியில் இறங்கி, அடியில் திரும்பி வந்தது. மோட்டார் அதேதான், நின்ற இடம்தான் வேறு. மொத்த வருகையில் என்னை உட்காரவைத்தது இந்த அரைமணி நேரம்.

கடைசியாக மின்வெட்டு ஒத்திகை. ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழே இருந்தது. மோட்டார் நின்றதும் குழாய் திரும்ப உறிஞ்ச ஆரம்பித்தால் மூன்று அங்குலத் தண்ணீரும் இறங்கிவிடும்: 106 லிட்டர். சம்பில் அவ்வளவு இடமில்லை. ஒருவழி வால்வைப் பட்டறைக்காரர் நம்புவதில்லை. ஒரு குட்டி நத்தை போய் உட்கார்ந்தால் அது மூடாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளை போட்டார். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும்.

சின்னவன் சுவிட்சை அணைத்தான். சம்பில் தண்ணீர் ஏறியது. துளையில் சர்ரென்று ஒரு சத்தம். சம்பின் எல்லையாகப் போட்டிருந்த மார்க்கர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நின்றது. பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை போட்டு நிறுத்துடா" என்றார்.