சொல் கடைசியில் வரட்டும்

வரலாற்றுப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். திறை, பேரரசு, வணிகக்குழு, ஏகபோகம், ஜிஸியா என்று கலைச்சொற்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். பாடத்தைத் தொடங்கும்போதே அதை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்துவிட்டால் இரண்டு மதிப்பெண் வினாக்களுக்குக் கவலை இல்லை. மேல்நிலை வகுப்புக்கு உலக வரலாறு நடத்தும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. என் வகுப்பில் நிகழ்ச்சி முதலில் வரும், சொல் கடைசியில்தான் கரும்பலகைக்கு வரும். ஏனென்றால், அரசு, மதம், வணிகம் பற்றிய பெரிய சொற்களில் பெரும்பாலானவை யாரோ ஒரு தரப்பு தன் கணக்குக்காக எழுதிவைத்தவை. அந்தத் தரப்பைத் தெரிந்துகொள்ளாமல் விளக்கத்தை மட்டும் படிக்கிற பிள்ளை, தனக்கே தெரியாமல் அந்தத் தரப்போடு சேர்ந்துவிடுகிறது.

திறை என்ற சொல்லுக்கு நான் ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்குவேன். புத்தக விளக்கம் எளிது: தோற்ற அரசன் வென்ற அரசனுக்குக் கட்டுவது. அதைச் சொல்லாமல், சீனத்துச் சுங் வம்சத்தின் ஆவணங்களிலிருந்து தொடங்குவேன். சோழ நாட்டிலிருந்து 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் தூதுக்குழுக்கள் சீன அரசவைக்குச் சென்றன. முதல் குழுவை அனுப்பியவன் ராஜராஜன். மூன்றாவது குழு சென்றது முதலாம் குலோத்துங்கன் காலத்தில். அதில் 72 பேர் இருந்தார்கள். தந்தம், கற்பூரம், கிராம்பு, பன்னீர், பெருங்காயம், கண்ணாடிப் பொருட்கள் என்று கொண்டுபோனார்கள். இவற்றையெல்லாம் சீன அரசவை திறை என்றே பதிந்து வைத்தது.

வகுப்பு இந்த இடத்தில் விழித்துக்கொள்ளும். “டீச்சர், சோழர் சீனாவுக்குக் கப்பம் கட்டினாங்களா?” என்று ஒரு குரல் எழும், அந்தக் குரலில் கொஞ்சம் கோபமும் இருக்கும். ராஜேந்திரன் 1025இல் கடாரம் வரை கப்பற்படை அனுப்பியவன் என்று படித்த பிள்ளைகள் அவர்கள். கோபம் நல்லது, அதை நான் அணைப்பதில்லை. அடுத்த வரியைச் சொல்வேன்: 1077இல் போன குழுவுக்குச் சீன அரசவை திருப்பிக் கொடுத்தது 81,800 சரம் செப்புக்காசு. ஒரு சரம் என்பது பெயரளவில் ஆயிரம் காசு. தோற்றவனுக்கா இவ்வளவு கொடுப்பார்கள்? இப்போது வகுப்பே யோசிக்கத் தொடங்கும். அந்த அரசவைக்கு வெளிநாட்டார் யார் வந்தாலும் பேரரசரை வணங்க வந்தவர்கள்தான். வேறு விதமாக எழுத அவர்களிடம் ஏடு இல்லை. வந்தவர்களுக்கோ அது கொள்முதல், விற்பனை, துறைமுகத்தில் சலுகை. மொய் நோட்டை யார் வீட்டில் எழுதுகிறார்களோ அவர்கள் கணக்குப்படிதான் நோட்டு இருக்கும் என்று ஒரு மாணவி சொன்னாள். அதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துவிடுவேன். 1106இல் பர்மாவின் பகான் நாட்டுத் தூதர்கள் சீனா வந்தபோது, அவர்களை எந்த மரியாதையோடு வரவேற்பது என்ற பேச்சு அரசவையில் எழுந்தது. அப்போது சடங்குத்துறை அதிகாரிகள் சோழ நாட்டை ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு என்று குறிப்பிட்டார்கள். கடாரப் படையெடுப்பில் அந்த ஸ்ரீவிஜயத்தைச் சோழர் தாக்கி எண்பது ஆண்டு கழிந்த பிறகு இப்படி ஒரு பதிவு! இதற்காகச் சீன ஆவணத்தைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஆண்டுகளும் பொருட்களும் காசுக் கணக்கும் நமக்குக் கிடைப்பது அதிலிருந்துதானே. தஞ்சை வட்டாரத்தில் சீனச் செப்புக்காசுப் புதையல்கள் கிடைத்திருப்பது அந்தப் போக்குவரத்துக்கு மண்ணே தரும் சாட்சி. எழுதியவரின் இருக்கை எங்கே இருந்தது என்று பார்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் திறை என்றாலே மறைமுக வணிகம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். அதனால் உடனே மெக்சிகோவுக்குக் கூட்டிப்போவேன். அஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானுக்கு அடங்கிய ஊர்கள் பருத்தித் துணி, கக்காவோ விதை, இறகு, பச்சைக்கல், போர்வீரர் உடை ஆகியவற்றைத் தவணை தவறாமல் அனுப்ப வேண்டும். ஊர் ஊராக அந்தப் பட்டியல் மெண்டோசா சுவடியில் படமாகவே வரையப்பட்டிருக்கிறது. ஸ்பானியர் நாட்டைப் பிடித்த பிறகு, அவர்களுக்காக அந்த மண்ணின் ஓவியர்கள் வரைந்தது அது. இங்கே திருப்பிக் கொடுக்கும் செப்புக்காசு கிடையாது. 1519இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் கரையிறங்கியபோது, அப்படி அடங்கியிருந்த செம்போலா ஊர் மக்கள் அவன் பக்கம் சாய்ந்ததற்கு இந்தச் சுமை ஒரு பெரிய காரணம். யார் கொடுத்தார், என்ன திரும்பி வந்தது, எழுதியது யார் என்ற மூன்று கேள்விகளையும் இங்கேயும் கேட்டுவிட்டு, அதன் பிறகே திறை என்று கரும்பலகையில் எழுதுவேன். விளக்கத்தைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

ஜிஸியா வரும்போது வகுப்பு வேறு மாதிரி இறுகும். வீட்டிலும் கைப்பேசியிலும் கேட்டதை எல்லோரும் சுமந்துகொண்டு வருவார்கள். பேசாமல் கடந்துபோவது ஆசிரியருக்குச் சுலபம், பிள்ளைகளுக்கு அநீதி. நான் உண்மைகளை வரிசையாக வைப்பேன். இஸ்லாமிய அரசுகளில் முஸ்லிம் அல்லாதவர் கட்டிய வரி அது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப்படி விலக்கு உண்டு. அக்பர் 1564இல் நீக்கினார், ஔரங்கசீப் 1679இல் திரும்ப விதித்தார். உஸ்மானியப் பேரரசு 1856இல் அதை விலக்கி, படைப்பணிக்குப் பதிலாகச் செலுத்தும் வரியைக் கொண்டுவந்தது. அதே பேரரசில் கிறிஸ்தவர், யூதர் ஆகியோரின் திருமண, வாரிசு வழக்குகளை அவரவர் மதத் தலைவர்களே தீர்த்தார்கள். மதத்தை வைத்து ஒருவனிடம் வரி வாங்குவது சமத்துவம் ஆகாது என்று நான் வெளிப்படையாகச் சொல்வேன். பல மக்களை வேறு வேறு விதிகளின்கீழ் ஆள்வதுதான் பேரரசுகளின் வழக்கமான வேலைமுறை என்பதையும் சொல்வேன். பேரரசு என்றால் பெரிய அரசு என்ற விளக்கம் அன்றோடு போய்விடும்.

வணிகக்குழு, கம்பெனி இரண்டையும் பிள்ளைகள் ஒன்றாகவே நினைக்கிறார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக்குழுவினர் சுமத்ராவின் பாருஸில் 1088இல் தமிழில் கல்வெட்டுப் பொறித்தவர்கள். தங்களுக்கென்று ஆயுத வீரர்களையும் வைத்திருந்தவர்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆயுதம் வைத்திருந்தது. அப்படியானால் வேறுபாடு எங்கே? 1602இல் டச்சு அரசு கொடுத்த சாசனத்தில் இருக்கிறது. போர் தொடுக்கலாம், ஒப்பந்தம் போடலாம், கோட்டை கட்டலாம், கிழக்குக் கடல்களில் வேறு டச்சுக்காரர் வணிகம் செய்ய முடியாது. முதலீடு ஒரு பயணத்தோடு கணக்கு முடிந்து கலைவதில்லை. பங்கை ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம். 1613இல் நம் பழவேற்காட்டில் இந்தக் கம்பெனிக்குக் கோட்டை எழுந்தது. சோழமண்டலத் துணியை வாங்கிக் கிழக்குத் தீவுகளில் வாசனைப் பொருளுக்கு மாற்றினார்கள். ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளில் 1621இல் அந்த ஏகபோகத்துக்காக மக்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள், பட்டினியில் சாகவிட்டார்கள், அடிமைகளாக ஏற்றிச் சென்றார்கள். ஏகபோகம் என்பதற்குத் ‘தனி வணிக உரிமை’ என்று மட்டும் எழுதுவது போதவே போதாது. பண்டாவைச் சொல்லாமல் அந்தச் சொல்லை நான் நடத்தியதில்லை.

அரசு, மதம், வணிகம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்த சான்று வேண்டுமென்றால் காலி கல்வெட்டு. மிங் பேரரசர் யோங்லே காலத்தில், தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு மொழிப் பகுதியின் செய்தியை மட்டும் கொடுப்பேன். சீனப் பகுதி காணிக்கையைப் புத்தருக்கு வைக்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு வைக்கிறது. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. சீனத்திலும் தமிழிலும் பொன் 1000, வெள்ளி 5000 என்று கணக்கும் ஒத்துப்போகிறது. மூன்று குழுவும் தங்கள் விடையை வாசிக்கும்போது வகுப்பில் எழும் வியப்பை நான் மிகவும் விரும்புகிறேன்.

செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்று அப்போது சொல்வேன். எந்தச் சாமியையும் விட்டுவிடாத அந்த மரியாதையின் பின்னால், இந்தக் கரையில் வணிகம் செய்த மூன்று சமூகங்களும் இருந்தன. 1411இல் அதே செங் ஹேயின் படை இலங்கை ஆட்சியாளன் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. காணிக்கையும் படையும் ஒரே கப்பல் அணியில் வந்தவை. பக்தி, வணிகம், பேரரசு என்ற மூன்று சொற்களையும் அன்றைக்கு ஒன்றாகவே எழுதுவேன்.

இப்படி நடத்தினால் பாடம் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. அதற்காக எல்லாச் சொல்லையும் இப்படி நடத்தத் தேவையில்லை. பருவத்துக்கு நான்கைந்து சொற்கள் போதும், மற்றவற்றைப் பிள்ளைகள் அதே கேள்விகளைக் கேட்டுத் தாங்களே பிரித்துவிடுவார்கள். வினாத்தாள் அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘திறை – வரையறு’ என்று கேட்பதை விட்டுவிட்டு, 1077ஆம் ஆண்டுத் தூதுக்குழுவின் செய்தியை நான்கு வரியில் கொடுத்து, இது திறையா வணிகமா, ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வினாத்தாளில் வந்துவிட்டால் அடுத்த ஜூன் மாதமே வகுப்பறைகள் மாறும்.