வாப்பா பார்த்த முள்



பதுளைக் கோச்சியில் நீங்களும் பயணம் செய்திருப்பீர்கள். பட்டிப்பொலை நிலையத்தில் 6,226 அடி உயரம் என்றிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். அங்கிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று பதுளைக்கு வருவதற்குள் பாதை ஏறக்குறைய 4,000 அடி இறங்கிவிடுகிறது. சில இடங்களில் 44 அடிக்கு ஓரடி இறக்கம். தேயிலைத் தோட்டங்களை வேடிக்கை பார்த்து வரும் நமக்கு அது தெரிவதில்லை. எஞ்சினுக்குள் இருப்பவருக்கோ அந்த இறக்கமே கவலை.

என் வாப்பா எஞ்சின் சாரதி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பதுளை நிலையத்தில் நின்ற எஞ்சினுக்குள் ஒருநாள் என்னைத் தூக்கி ஏற்றினார். வட்ட வட்டமாக மணிக்கூடுகள் போலத் தெரிந்தன.

"இது நேரம் காட்டாது மகள். காத்து எவ்வளவு இருக்குதெண்டு காட்டும்" என்றார்.

பிரேக் பிடித்தால் முள் ஏறும் என்றுதான் நான் நினைத்தேன். வாப்பா சிரித்தார். பிரேக் பிடித்தால் குழாயின் முள் இறங்குமாம்! எஞ்சினிலுள்ள பெரிய தாங்கியில் சதுர சென்ரிமீற்றருக்கு 8 முதல் 10 கிலோ வரை காற்றழுத்தம் இருக்கும். எல்லாப் பெட்டிகளுக்கும் கீழாக ஓடும் குழாயில் 5 கிலோ. கார் டயரில் இருப்பது 2 கிலோ அளவுதான். குழாயில் அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்து வைத்த காற்று பாய்ந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். பெட்டி கழன்று போனாலும் அது தானாகவே நின்றுவிடும். 1872இல் அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கண்ட வழி இது.

இந்த வசதி இல்லாததால் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1889 ஜூன் 12இல், அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா ஏற்றிச் சென்ற ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. அதை இரண்டாகப் பிரித்தார்கள். பின்பெட்டிகள் கீழ்நோக்கி உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர், பலர் சிறுவர்கள். தானியங்கும் பிரேக்கைப் பயணிகள் ரயில்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் பிரித்தானியாவில் அந்த வருடமே வந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ராத்தாவின் நிகாஹ் அன்று, காலையில் வந்து சேர வேண்டிய வாப்பா வரவில்லை. வலியாக நிற்க வேண்டியவரே இல்லாமல் நிகாஹ் எப்படி நடக்கும்? பகலாகியும் கோச்சி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். உம்மா குசினிக்குள் போய் அழுதா.

அஸருக்குப் பிறகுதான் வாப்பா வந்தார், எண்ணெய் படிந்த உடுப்போடு. மலைமேல் இறக்கம் தொடங்குமுன் பிரேக்கைச் சோதித்திருக்கிறார். குழாய்க்குப் போகும் காற்றை அடைத்துவிட்டு முள்ளைப் பார்த்தாராம். அது மெல்ல மெல்ல இறங்கியதாம். கடைசிப் பெட்டியில் காட் பார்த்த முள்ளும் அப்படியே. பெட்டிகளுக்கிடையே ஒரு றப்பர் குழாய் வெடித்திருந்தது. வேறு குழாய் வரும்வரை அவர் நகரவில்லை. பயணிகள் ஏசினார்களாம்.

"மகளுட கலியாண நாளிலயா இது?" என்று உம்மா கேட்டா.

"முள் டக்கெண்டு விழுந்தா பிரேக் தானாப் பிடிக்கும். மெதுவாக் கசிஞ்சா அதுக்கே தெரியாமப் போகும். பாத்துக்கொண்டு இருக்கிறவனுக்குத்தான் தெரியும். கோச்சிக்குள்ள எத்தன பேருட மகள்மார் இருந்தாங்க?" என்றார் வாப்பா.

மாப்பிள்ளையின் வாப்பாதான் முதலில் எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்தார். மஃரிபுக்குப் பிறகு நிகாஹ் நடந்தது.

சகோதரிகளே, மலைமேல் கோச்சி காரணமில்லாமல் நிற்பதாகத் தோன்றினால் முணுமுணுக்காதீர்கள். உள்ளே ஒருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருடைய வீட்டிலும் யாரோ காத்திருப்பார்கள்.