கற்றலைசரில் பழி போடமுதல்

ஜேர்மனியில் பழைய கார் வைத்திருக்கிற எங்கட சனத்துக்கு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வருகிற காய்ச்சலுக்குப் பெயர் ரியூவ். உண்மையில் ரியூவ் என்பது சோதிக்கிற நிறுவனங்களின் பெயர்தான். டெக்ரா போல வேறும் இருக்கின்றன. ஆனால் வாயில் நின்றது ரியூவ். பழைய கார் வாங்கப் போனால் விலை கேட்கமுதல், "அண்ணை, இதுக்கு எவ்வளவு ரியூவ் இருக்கு?" என்றுதான் கேட்பது.

பிரேக், லைற், ரயர், துரு இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பாத்துச் செய்து கொண்டு போகலாம். ஆளைக் கவிழ்க்கிறது புகைச் சோதனை. அதை ஜேர்மன்காரர் சுருக்கி 'ஆ-ஊ' என்பார்கள். எங்களுக்குச் சிரிப்பான பெயர். தோற்றுப்போய் வெளியே வருகிறவனும் அப்பிடித்தான் கத்துகிறான்.

இந்தச் சோதனை வேறு பெயரில் 1985 இல் தொடங்கியது. 1993 கடைசியில் ஆ-ஊ ஆனது. அப்ப முன் இலக்கத்தகட்டில் அறுகோண ஸ்ரிக்கர் ஒன்று தனியாக ஒட்டுவார்கள், பழைய ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும். 2010 தொடக்கம் அது இல்லை. பின் தகட்டில் இருக்கிற வட்ட ஸ்ரிக்கர் ஒன்றுதான். புகை தோற்றால் அந்த ஸ்ரிக்கரும் இல்லை. பிழையைத் திருத்தி மறுசோதனைக்குப் போக ஒரு மாதம் தருவார்கள்.

அந்த ஒரு மாதத்துக்குள் எங்கட ஆக்கள் எவ்வளவு காசைக் கொட்டுகிறார்கள் என்பதைப் பாத்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் படித்த மெக்கானிக் இல்லை. ஊரில் தண்ணி இறைக்கிற மெசினைப் பிரிச்சுப் பூட்டிய கை, இங்கே வந்து பழைய கார்களோடு மல்லுக்கட்டிப் பழகியது. அவ்வளவுதான்.

2014 பெப்ரவரியில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவரின் கார் தோற்றது. ஹம் நகரத்துப் பக்கம் இருக்கிறவர். 1997 இல் பதிவான பெற்றோல் கார். விடிய 4 மணிக்கு மரக்கறி பொதி செய்கிற இடத்தில் வேலை தொடங்கும். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, ரயிலும் இல்லை. கார் நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் அவருடைய விசா புதுப்பிக்கிற அலுவலும் இழுபடும், ஏனென்றால் அங்கே முதலில் கேட்பது சம்பளத் துண்டைத்தான். ஆகவே அவருக்கு அது புகைப் பிரச்சினை மட்டும் இல்லை.

கராச்சில் சொன்னார்களாம், "கற்றலைசர் செத்துப் போச்சு, மாத்த வேணும், கூலியோடை 850 யூரோ." அவர் என்னிடம் வந்தது காசு மாறுவதற்கு. நான் காசுக்கு முதல் தாளைக் கேட்டேன்.

"எந்தத் தாள்?"

"சோதிச்ச மெசின் அடிச்சுத் தந்த தாள், அண்ணை."

மடிச்சு ஜக்கெற் பொக்கற்றுக்குள் வைத்திருந்தார். ஒருவரும் அதை வாசிப்பதில்லை. கீழே 'தேர்ச்சி இல்லை' என்று இருப்பதை மட்டும் பார்ப்பார்கள். ஆனால் என்ன வருத்தம் என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

கற்றலைசர் பூட்டிய அந்தக் காலத்துப் பெற்றோல் கார்களுக்கு மூன்று இலக்கங்களைப் பார்த்தால் போதும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி 2500, 3000 சுற்றில் வைத்து அளக்கிறபோது காபனோரொட்சைட்டு 0.3 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. சும்மா ஓடவிட்டு அளக்கிறபோது 0.5 வீதம். மூன்றாவது லம்டா. அது 0.97 க்கும் 1.03 க்கும் இடையில் நிற்கவேண்டும். (கார்க் கொம்பனி வேறு அளவு கொடுத்திருந்தால் அந்த அளவுதான் கணக்கு.) அண்ணையின் தாளில் முறுக்கி அளந்த காபனோரொட்சைட்டு 1 வீதத்தைத் தாண்டி நின்றது. லம்டா 0.95.

லம்டா என்பது காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள கணக்கு. ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவில் போனால் லம்டா 1. பெற்றோல் கூடினால் 1 க்குக் கீழே, காற்றுக் கூடினால் 1 க்கு மேலே. இதை மெசின் புகைக்குழாயில் வருகிற வாயுக்கள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கிறது. இங்கேதான் முக்கியமான விசயம். கற்றலைசர் வாயுக்களை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றுமே தவிர, புதிதாக ஒட்சிசனைக் கொண்டுவராது. ஆகவே கற்றலைசர் செத்திருந்தாலும் உயிரோடு இருந்தாலும் லம்டா மாறாது. 0.95 என்றால் எஞ்சினுக்குள் போகிறபோதே பெற்றோல் கூடிப் போகிறது. அதை எரிக்க ஒட்சிசன் இல்லாவிட்டால் புத்தம்புதுக் கற்றலைசரும் கையைத்தான் விரிக்கும்.

லம்டா சரியாக 1.00 இல் நின்று காபனோரொட்சைட்டு மட்டும் கூட இருந்தால் அப்ப கற்றலைசரைச் சந்தேகிக்கலாம். அதுவும் கார் நன்றாகச் சூடாகிய பிறகு அளந்திருந்தால்தான். ஏறத்தாழ 300 பாகை வராமல் அது வேலையே தொடங்காது. லம்டா 1.03 ஐத் தாண்டினால் பெரும்பாலும் புகைக்குழாயில் எங்கேயோ ஓட்டை, வெளிக்காற்று உள்ளே வருகிறது. அல்லது எஞ்சினுக்குக் காற்றுப் போகிற இறப்பர்க் குழாய் வெடித்திருக்கிறது. ஐதரோகாபன் கன்னாபின்னாவென்று ஏறினால் பிளக், பிளக் வயர். ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை.

ஊரில் இந்தத் தாள் எல்லாம் ஏது? 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், யாழ்ப்பாணத்தில் கார், மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடினது வாசிக்கிற பல பேருக்கு ஞாபகம் இருக்கும். கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒஸ்ரின் கார் ஒழுங்கைக்குள் வருகிறதென்றால் மணமே முதலில் சொல்லும். அங்கத்தை மெக்கானிக்மார் புகையைப் பாத்துத்தான் வருத்தம் சொன்னார்கள். கறுப்பு என்றால் எண்ணெய் கூடிப்போகுது, நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரியுது, வெள்ளை என்றால் தண்ணி. அது பிழையான வைத்தியம் இல்லை, இண்டைக்கும் சரிதான். ஆனால் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடின கராச்சுக்குள் ஆளைக் கொல்லுகிறதும் அதனால்தான்.

அந்தக் காலக் காரில் 'சோக்' இழுத்தவர்களுக்கு அண்ணையின் காரின் வருத்தத்தைச் சொல்வது சுகம். விடியக் குளிரில் சோக்கை இழுத்தால் பெற்றோல் கூடிப்போகும், எஞ்சின் பிடிக்கும். சூடானதும் உள்ளே தள்ளவேண்டும். தள்ள மறந்தால் கறுப்பாகப் புகைக்கும். 1990 களின் கார்களில் சோக்கை இழுக்க ஆள் தேவையில்லை. எஞ்சின் தண்ணியின் சூட்டை ஒரு சின்ன உணரி அளந்து கொம்பியூட்டருக்குச் சொல்லும். குளிர் என்று சொன்னால் அது பெற்றோலைக் கூட்டிவிடும், சூடாகிவிட்டது என்றால் குறைக்கும். அந்த உணரி பழுதாகி எந்நேரமும் 'குளிர், குளிர்' என்று சொல்லிக்கொண்டிருந்தால்? சோக்கை இழுத்தபடியே ஹம்மிலிருந்து டோர்ட்முண்ட்வரை ஓடின மாதிரித்தான்.

ஆனால் எடுத்த எடுப்பில் அதுதான் என்று சொல்ல முடியாது. பெற்றோல் கூடிப்போக வேறு காரணங்களும் உண்டு. ஒரு சனிக்கிழமை அவருடைய வீட்டு வாசலில், குளிரில், ஒவ்வொன்றாகப் பார்த்தோம். காற்று வடி சுத்தமாக இருந்தது. பெற்றோல் அமுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற சாமானின் சின்ன இறப்பர்க் குழாயைக் கழட்டி மணந்து பார்த்தோம். உள்ளே மென்சவ்வு கிழிந்திருந்தால் அந்தக் குழாய் பெற்றோலில் நனைந்திருக்கும். காய்ந்து இருந்தது. பிளக்கைக் கழட்டினால் நாலும் கரி பிடித்துக் கறுப்பு. நாலும் ஒரே மாதிரி என்றால் ஒரு சிலிண்டரின் பிழை இல்லை, எல்லாத்துக்கும் பொதுவான பிழை.

பிறகு லம்டா உணரி. இதை பொஷ் கொம்பனி உருவாக்கி, 1976 இல் வொல்வோ கார்களில் முதலில் பூட்டினார்கள். புகைக்குழாயில் கற்றலைசருக்கு முன்னால் இருந்து ஒட்சிசனைப் பார்க்கும். சரியாக வேலை செய்தால் அதன் வோல்ற் 0.1 க்கும் 0.9 க்கும் இடையில் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். அண்ணையின் காரில் 0.8 க்கு மேல் ஏறி அப்பிடியே நின்றது. இதைக் கண்டால் பல பேர் "லம்டா உணரி பழுது" என்று இன்னொரு 100 யூரோவை எழுதிவிடுவார்கள். ஒரு காற்றுக் குழாயைக் கொஞ்சம் கழட்டி வெளிக்காற்றை உள்ளே விட்டேன். வோல்ற் உடனே கீழே விழுந்தது. மூடினேன், ஏறியது. உணரி நல்ல உயிரோடுதான் இருக்கிறது. பெற்றோல் கூட, பெற்றோல் கூட என்று அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எஞ்சின் இன்னும் குளிர் என்று நம்புகிறவரைக்கும் கொம்பியூட்டர் அந்தக் கதையைக் கேட்பதில்லை.

கடைசியாகத் தண்ணிச் சூட்டு உணரி. இதன் தடை குளிரில் 2000, 2500 ஓம் அளவில் இருக்கும். 80 பாகையில் 300 ஓம் சொச்சத்துக்கு இறங்கவேண்டும். அண்ணையின் கார் நன்றாகச் சூடேறி விசிறி சுத்தத் தொடங்கின பிறகும் மீற்றர் 2000 க்கு மேல் காட்டியது.

"டாஷ்போட்டிலை சூடு சரியாத்தானே தம்பி காட்டுது?" என்றார் அண்ணை.

நல்ல கேள்வி. அந்தக் காலத்துப் பல கார்களில் முள்ளுக்கு ஒரு உணரி, கொம்பியூட்டருக்கு இன்னொரு உணரி. முள்ளு சரியாக நிற்கும், ஓடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மஞ்சள் லைற்றும் எரியவில்லை. வயர் அறுந்தால் அல்லது ஒட்டிக்கொண்டால் கொம்பியூட்டருக்கு விளங்கும். 'குளிர்' என்ற பதில் அதற்குப் பிழையாகவே படாது, ஜேர்மனியில் குளிர் இருக்கத்தானே செய்யும்.

உணரியின் விலை 17 யூரோ. எஞ்சின் ஆறினபிறகு மாற்றினோம் (சூட்டோடு கழட்டினால் கொதிதண்ணி முகத்தில் அடிக்கும், கவனம்). பிளக் நாலும் புதிது. ஒயிலையும் மாற்றச் சொன்னேன். பெற்றோல் கூடி ஓடின காரில் எரியாத பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கியிருக்கும். சூடேற ஏற அது ஆவியாகித் திரும்ப எஞ்சினுக்குள் போய், திருத்தின பிறகும் இலக்கத்தைக் கூட்டிக் காட்டும். பிறகு ஒட்டோபானில் அரை மணித்தியாலம், கீழ்க் கியரில் எஞ்சினை முறுக்கி ஓடிப்போய், சூடு ஆறவிடாமல் நேரே சோதனைக்கு. காபனோரொட்சைட்டு 0.1 க்குக் கீழே, லம்டா 1.00. 850 யூரோ சொன்ன அதே கராச்சில்தான் மறுசோதனை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கராச்சுக்காரர் களவு செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. பழைய காரில் இரண்டு மணித்தியாலம் பிழை தேடினால் அந்தக் கூலியைக் கேட்டு வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். சாமானை மாற்றினால் பில்லில் காட்ட ஒரு சாமான் இருக்கும். ஆனால் 850 யூரோவைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உணரி பழையபடி குளிர் என்று சொல்லியிருக்கும். மறுசோதனையிலும் லம்டா 0.95 தான் வந்திருக்கும். புதுக் கற்றலைசரும் நாளடைவில் கரியிலும் சூட்டிலும் கெட்டிருக்கும்.

ஒரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். "முன்கண்ணாடியிலை பச்சை ஸ்ரிக்கர் இருக்கே, பிறகேன் இந்தச் சோதனை?" என்று அண்ணை கேட்டார். அந்தப் பச்சை, மஞ்சள், சிவப்பு முறை 2007 இல் வந்தது. அது காரின் பதிவுத் தாளில் இருக்கிற வகையைப் பாத்துத் தருவது, புகையை அளந்து இல்லை. பச்சை ஒட்டியபடியே கறுப்பாகப் புகைக்கிற கார்கள் தாராளம்.

இன்னும் ஒன்று. தெரிந்த ஆள் மூலம் காரைக் காட்டாமலே ஸ்ரிக்கர் எடுக்கலாம் என்று எங்கட ஆக்களுக்குள்ளும் கதை உலாவும். பிடிபட்டால் அது குற்ற வழக்கு. விசாப் புதுப்பிக்கிற மனிசனுக்கு அது 850 யூரோவைவிடப் பெரிய விலை. 'பெரிய கொம்பனிக்காரனே ஏமாத்தினான்தானே' என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். 2015 செப்ரெம்பரில் வொக்ஸ்வாகன் பிடிபட்டது. சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து அந்த நேரம் மட்டும் நல்லபிள்ளையாக ஓடுகிற மென்பொருள், உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டீசல் கார்களில். அவர்கள் மறைத்த நைதரசன் ஒட்சைட்டை எங்கட ஆ-ஊவில் அளப்பதே இல்லை. அண்ணையின் பழைய காரை ஒரு வீதத்துக்கு மறித்த மெசின், அந்தக் கார்களை 'போ' என்று விட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்தக் கொம்பனிக்கு வக்கீல்மார் இருந்தார்கள், அண்ணைக்கு நானும் ஒரு மீற்றரும்தான்.

அதன் பிறகு புதிய கார்களுக்கு இருந்த சலுகை குறைந்தது. கொம்பியூட்டரில் பிழை இல்லையென்றால் குழாயில் அளக்கத் தேவையில்லை என்றிருந்ததை நிறுத்தி, 2018 தொடக்கம் எல்லாருக்கும் குழாயில் அளக்கிறார்கள். 2023 யூலையிலிருந்து யூரோ 6 டீசல்களுக்குத் துகள்களை எண்ணுகிறார்கள். ஆகவே இப்ப பழைய கார்க்காரர் மட்டும் இல்லை, எல்லாரும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கவேண்டும். தோற்காவிட்டாலும் வாங்குங்கோ. இந்தமுறை 0.05, அடுத்தமுறை 0.2 என்று ஏறினால் தோற்கமுதலே தெரியும்.

அண்ணையின் கார் 2016 இலும் 2018 இலும் சோதனை தாண்டியது. 2020 பெப்ரவரியில் அடித்தட்டுத் துருவால் தோற்றது, அதற்கு மருந்து இல்லை. பழைய இரும்புக்காரர் காருக்குச் சொன்ன விலை மிகச் சொற்பம். அந்த நேரம் பலேடியம் தங்கத்தைவிட விலை கூடி நின்றபடியால், கற்றலைசருக்குத் தனியாக 90 யூரோ கொடுத்தார்.