பேனா உத்தியோகம்

சென்ற மாதம் ஒரு மாலை, சுங்கை சிப்புட்டுக்கு அப்பாலுள்ள நம் தோட்ட ஆபீசுக்கு ஒரு பெரியவர் தம் பேரனை அழைத்து வந்தார். வாலிபத்திலெல்லாம் பால்மரம் வெட்டியவர். “கிராணி ஐயா, இவனும் உங்களைப்போல் நாற்காலியில் உட்காரவேண்டும்; வழி சொல்லுங்கள்” என்றார். பையன் வாய் திறக்கவில்லை. அவன் கண் வெளியே நின்ற டிராக்டரின் மேலேயே இருந்தது. என்ன படிக்க விருப்பமென்று வினவினோம். “இயந்திரம்” என்றான். “எண்ணெய்க் கறை பூசிக்கொள்ளவா படிப்பு?” என்று பெரியவர் சீறினார்.

அவரை நோக நமக்கு மனம் வரவில்லை. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளியும் வந்தது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார்! எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பிள்ளை காட்டுக்குப் போய்விடும். மங்கு துடைக்கும், கட்டிப்பால் பொறுக்கும். ஆபீசு நாற்காலிகளில் பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் அமர்ந்திருந்தனர். வெயில் படாத வேலை, ‘ஐயா’ என்று அழைக்கப்படும் வேலை, லயத்திலிருந்து பார்த்தவர்க்கு அது ஒன்றே தெரிந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கணினி வந்து கிராணி நாற்காலிகளும் குறைகின்றன. ஆசை மட்டும் அசையவில்லை.

பள்ளிக்கூடமும் இதற்கு உடந்தையே. நாம் ஆங்கிலவழியிற் படித்தபோது மரவேலையில் நமக்குத் தீராத மோகம். “தச்சு வேலைக்கா உன் தகப்பன் சம்பளம் கட்டுகிறான்?” என்று ஆசிரியர் ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது. நாமும் சேர்ந்து சிரித்தோம். அதுதான் இன்றும் உறுத்துகிறது. கையால் உழைப்பவன் தாழ்ந்தவன் என்னும் சாதிப் புத்தி கப்பலேறி வந்து, கால்சட்டை மாட்டிக்கொண்டு கரும்பலகை முன் நிற்கிறது. அன்று உளியைக் கீழே வைத்த நாம் இன்று செக்ரோல் எழுதுகிறோம்.

ஆகவே பெரியவரை உட்காரவைத்துப் பேசினோம். ஈப்போவில் 1969-இல் தோன்றிய உங்கு ஒமார் பொலிடெக்னிக்தான் இந்நாட்டின் முதற் பொலிடெக்னிக், எஸ்.பி.எம். தேறியவர் அங்கே இயந்திரவியல் டிப்ளோமா படிக்கலாம் என்று விளக்கினோம். பையன் முகம் மலர்ந்தது. பெரியவர் நெடுநேரம் யோசித்து ஒன்றே ஒன்று கேட்டார்:

“அங்கே படித்தவனையும் ‘ஐயா’ என்பார்களா?”

நமக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.